தானாக அணையும் காரில் சீகிரியா வரை: ஒரு முதுகும் ஒரு கட்டையும்

உக்குவளையில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து சீகிரியாவில் மகள் வீட்டு வாசலுக்கு எழுபத்தொரு கிலோமீட்டர். கல்யாணம் பேசும்போது "பக்கம்தானே" என்று சொல்லித்தான் பெண்ணைக் கொடுத்தோம். போன ஆடியில் என் முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து அது கடல் கடந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது. மசாலா ஆலையில் மிளகு மூட்டையை நகர்த்தப் போய், கீழ் முதுகில் ஒரு டிஸ்க் பிதுங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஏழு மாதம் வீடு, கிளினிக், திரும்பவும் வீடு. "த்ரீவீலர் பக்கமே போகக்கூடாது" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் சிவலிங்கம் இருபத்திரண்டு வருடமாக ஓட்டுவது த்ரீவீலர். டாக்டர் சொன்னதை அவர் இன்னும் மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை.

மகள் சுகன்யாவுக்குப் பங்குனிக் கடைசியில் பிரசவம். முதல் பிள்ளை. "அம்மா, நீங்க வருவீங்கதானே?" என்று போனில் கேட்கும்போதெல்லாம் "பாப்போம்டி" என்று சொல்லி வந்தேன். போக விருப்பமில்லாத விசேஷத்துக்குக் கூப்பிடுகிறவர்களிடம் சொல்கிற வார்த்தை அது. சொந்த மகளிடம் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. ஆகவே மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை ஒத்திகை பார்க்கக் கிளம்பினோம். போய்த் திரும்பி, மறுநாள் காலையில் நான் யாரும் பிடிக்காமல் எழுந்து நின்றால் பிரசவத்துக்குப் போகலாம். நிற்காவிட்டால் சம்பந்தியம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதுகுவலியோடு இந்தப் பக்கம் காரில் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிறுத்தினால் தானாக அணைந்து தானாக எழும்புகிற கார் நல்லதா கெட்டதா என்று கேட்கிறவர்களும் வாசிக்கலாம். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் அந்தக் காரின் ஒவ்வொரு அசைவையும் என் முதுகெலும்பு கணக்கெடுத்துக்கொண்டே வந்தது. அப்படி ஒரு மீட்டர் எந்த மெக்கானிக்கிடமும் இல்லை.

கார் பாரூக் நானாவுடையது. நானா எங்கள் தெருமுனையில் வாடகைக்குக் கார் விடுகிறவர். சின்ன ஜப்பான் கார், வெள்ளை நிறம். ஒரு நாளைக்கு ஆறாயிரம் ரூபாய் வாங்குவார், எங்களுக்கு நாலாயிரத்து ஐந்நூறு. பெட்ரோல் நம்முடையது. செவ்வாய்க்கிழமை பின்னேரம் சாவியைக் கொடுத்துவிட்டு எனக்கும் சேர்த்துப் பாடம் நடத்தினார்.

"தங்கச்சி, பயப்பட ஒண்டுமில்ல. பிரேக்கப் புடிச்சி நிப்பாட்டினா எஞ்சின் தானா ஓஃப் ஆகும். காலெடுத்தா தானா ஸ்டார்ட் ஆகும். நீங்க சும்மா இரிந்தா போதும்."

"எங்க வீட்டுலயும் அப்படி ஒண்ணு இருக்கு நானா," என்றேன். "வேலைன்னா தானா ஓஃப். சோறுன்னா தானா ஸ்டார்ட்."

நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரர் காரின் டயரைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டார்.

காருக்கு ஒரு புத்தகமும் இருந்தது. முழுக்க ஜப்பான் எழுத்து. நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை. ஆனால் அந்தப் புத்தகத்தின் முன்னால் பட்டதாரியும் நானும் சரிசமம். அதைத் திறந்து பார்த்த ஐந்து நிமிடமும் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

புதன் காலை 6.10க்குக் கிளம்பினோம். முன்சீட்டைப் பாதி சாய்த்து, இடுப்புக்குத் தலையணை வைத்து என்னைப் படுத்தினாற்போல் உட்கார வைத்தார்கள். பின்சீட்டில் என் தம்பி கணேசு. வழியில் நான் எழும்ப முடியாமல் போனால் தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று கூட்டிக்கொண்டோம். கணேசு பத்தொன்பது வருடம் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து லொறியில் கிளீனராக இருந்தவன். அந்த லொறியில் ஹேண்ட்பிரேக் என்று ஒன்று இருந்தது, அழகுக்கு. மலைச்சரிவில் எஞ்சின் அணைந்தால் கிளீனர் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். பலா மரத்தில் செய்த முக்கோணக் கட்டை, பிடிக்க ஒரு கயிறு. வேலையை விட்டு நாலு வருடமாகியும் அந்தக் கட்டையை அவன் விடவில்லை. அன்றும் உரப்பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தான். கார்ச் சாவியைத் திருப்பியதும் உள்ளேயிருந்து ஒரு ஜப்பான் பொம்பளைக் குரல் ஏதோ சொன்னது. என் வீட்டுக்காரர் மரியாதையாக "சரிங்க" என்றார். முப்பது வருடத்தில் என்னிடம் ஒரு தடவையும் அப்படிச் சொன்னதில்லை.

முதல் நிறுத்தம் 6.20க்கு, உக்குவளை ரயில் கடவையில். கேட் போட்டிருந்தது. அவர் பிரேக்கை அமுக்கினார். எஞ்சின் அணைந்தது.

இதை எப்படிச் சொல்வது? மிளகு சலிக்கிறவர்களுக்குப் புரியும். நாள் முழுக்கச் சல்லடை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, மின்சாரம் போன அந்த நொடியில் உடம்பு முழுக்க ஒரு குளிர்ச்சி இறங்குமே, அதுதான். சத்தம் நின்ற பிறகுதான் அதுவரைக்கும் சத்தம் இருந்ததே தெரிந்தது. என் இடுப்புக்குள் ஏழு மாதமாக யாரோ சல்லடை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. முற்றத்தில் பாயில் காய்ந்த கராம்பின் மணம் கண்ணாடி இடுக்கு வழியாக வந்தது. தண்டவாளம் மெதுவாகப் பாட ஆரம்பித்தது. ரயில் இன்னும் வரவில்லை, அதன் சத்தம் மட்டும் முன்னால் வந்துகொண்டிருந்தது. நான் கண்ணை மூடினேன்.

டமார் என்று பின்கதவு திறந்தது.

"டேய், எங்கடா இறங்குற?"

"எஞ்சின் அணைஞ்சிருச்சு மச்சான்! நீங்க பிரேக்க விட்றாதீங்க, கட்ட வச்சிட்டேன்!"

"அது தானா அணையிறதுடா! ஏறுடா!"

"தானா அணையிறது எப்பவும் அணையிறதுதான மச்சான்? எங்க லொறியும் தானாத்தான் அணையும்!"

அதற்குள் ரயில் போய், கேட் தூக்கியாயிற்று. பின்னால் நின்ற மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். இவர் காலை எடுக்க, கார் தானாக எழும்பிப் போயே விட்டது. கணேசு ஒரு கையில் கட்டையும் மறு கையில் செருப்புமாகத் தண்டவாளத்தைத் தாண்டி ஓடி வந்து ஏறினான். நான் சிரிக்கக்கூடாது. சிரித்தால் முதுகு இழுக்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு பல்லால் சிரித்தேன்.

மாத்தளை டவுனுக்குள் போனபோது 6.50. பள்ளிக்கூட நேரம். இந்தக் கார் எடுக்கிறவர்கள் அந்த நேரத்தில் அந்தப் பாதையில் போகாதீர்கள். பெரிய கோயிலைத் தாண்டும் வரைக்கும் பதினொரு தடவை நின்றோம். பதினொரு தடவை அணைந்து, பதினொரு தடவை எழும்பியது. நிற்பது சுகம். எழும்பும்போது ஒரு சின்னத் "தட்". நல்ல முதுகுக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. எனக்கு யாரோ ஒற்றை விரலால் நடு முதுகில் சுண்டியது மாதிரி இருந்தது. அதோடு எஞ்சின் அணைந்திருக்கும்போது ஏசியிலிருந்து வெறும் காற்றுத்தான் வரும். அந்தக் காலைக் குளிரில் பரவாயில்லை, தம்புள்ளை வெயிலில் பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது. A எழுத்தைச் சுற்றி வட்டமாக ஓர் அம்பு. அதை அமுக்கினால் இந்தத் தானாக அணையும் வேலை நடக்காது. ஒருமுறை அமுக்கிப் பார்த்தோம். அடுத்த நெரிசலில் எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. தட் இல்லை, ஆனால் சல்லடை திரும்ப வந்துவிட்டது. இரண்டு நிமிடம் பொறுத்தேன்.

"இந்தாங்க, திரும்பப் போடுங்க. சுண்டு வாங்கினாலும் பரவால்ல, சலிக்க வேணாம்."

பிறகு அவரே ஒரு சூட்சுமம் கண்டுபிடித்தார். அந்தப் பெருமை அவருக்கே சேரட்டும். பிரேக்கை லேசாகப் பிடித்தால் இந்தக் கார் அணையாது. நன்றாக அமுக்கினால்தான் அணையும். அப்போதிருந்து நான் முன்னால் தெருவைப் பார்த்து உத்தரவு போட்டேன். பஸ் ஆள் இறக்குகிறதா, "லேசா". போலீஸ்காரர் கையைக் காட்டுகிறாரா, "அமுக்குங்க". அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாக இறக்கத்தில் எஞ்சினை அணைத்து உருட்டியே பெட்ரோல் மிச்சம் பிடித்த மனுஷன் அவர். "நான் கையால செஞ்ச வேலைய இது மெசினால செய்யுது, அவ்வளவுதான்," என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

டவுனுக்குள் கணேசு இன்னும் இரண்டு தடவை கட்டையோடு குதித்தான். மூன்றாவது தடவை நான் கையை நீட்டினேன்.

"குடுறா அத."

"அக்கா, பழக்கம்..."

"நீ குதிக்கிற குதில காரே ஆடுது. என் முதுகு உன் லொறி இல்ல. இனி எறங்கமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினான். கட்டையை வாங்கி எங்கே வைப்பது என்று தெரியாமல், ஏற்கனவே சரிந்து போயிருந்த தலையணையை எடுத்துவிட்டு, கட்டையைத் துவாயில் சுற்றி இடுப்புக்குப் பின்னால் செருகினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்தச் சரிவும் என் இடுப்பு வளைவும் அளவெடுத்துச் செய்தது மாதிரிப் பொருந்தின. ஏழு மாதத்தில் மூன்று தலையணை, ஒரு பெல்ட், ஒரு காற்றுப் பை வாங்கியிருக்கிறேன். ஒன்றும் இப்படி உட்காரவில்லை. ஆனால் உடனே சொன்னால் அவன் தலைகால் தெரியாமல் ஆடுவான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

டாக்டர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்கச் சொல்லியிருந்தார். 7.20க்கு அலுவிகாரையைத் தாண்டி ஒரு தேத்தண்ணிக் கடையில் முதல் நடை. பத்து நிமிடம். மூன்று பிளேன்டீ, நூற்றைம்பது ரூபாய்.

பலாபத்வெலையைத் தாண்டிப் பாதை வேலை நடந்தது. ஒரு பக்கம் மட்டும்தான் வண்டி விடுகிறார்கள். சிவப்புப் பலகை பிடித்த ஆள் எங்களோடு நிறுத்திவிட்டார். மணி 7.50. நாங்கள்தான் வரிசையில் முதல். என் வீட்டுக்காரர் பிரேக்கை நன்றாக அமுக்கினார். அணைந்தது.

மூன்று நிமிடம் போயிருக்கும், எஞ்சின் தானாகவே எழும்பியது. "நான் காலெடுக்கலையே!" என்று பதறினார். ஏசி போட்டிருந்தால், உள்ளே சூடு ஏறியதும் அது அப்படித்தான் எழும்புமாம். ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினோம். கொஞ்சம் முன்னால் உருட்டி மறுபடி அமுக்கியதும் திரும்ப அணைந்தது. அதற்குப் பிறகு பதினொரு நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை.

அந்தப் பதினொரு நிமிடத்தை எழுதத்தான் நான் இந்தக் கட்டுரையையே ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். பாதையின் இரண்டு பக்கமும் மரங்கள் மேலே போய்க் கைகோர்த்திருந்தன. வெயில் அதற்குள்ளால் காசு காசாக விழுந்து காரின் மூக்கில் ஊர்ந்தது. எங்கேயோ ஒரு மிளகுக்கொடித் தோட்டத்துக்குள் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவருக்குப் பதில் வருவதற்குள் நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். கிளிக்கூட்டம் ஒன்று தலைக்கு மேல் கத்திக்கொண்டு போனது, அது கனவுக்குள் போனதா வெளியில் போனதா தெரியவில்லை. பலகைக்காரர் பாட்டு முணுமுணுத்தார். எனக்குக் காலும் இல்லை, முதுகும் இல்லை. வயிற்றுக்குள் இருக்கிற பிள்ளைக்கு, அம்மா வேலையை முடித்துவிட்டுப் படுக்கிற நேரம் இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. எல்லா ஆட்டமும் நின்று, வெளியில் ஆட்களின் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டுக்கொண்டு. சுகன்யாவின் பிள்ளை இப்போது அப்படிக் கிடக்கிறதா, சுகன்யா கொஞ்சம் உட்கார்ந்திருக்கிறாளா, நின்றுகொண்டே இருக்கிறாளா என்று யோசித்துக்கொண்டே போய்...

"அக்கா தூங்கிருச்சு," என்று கணேசு மெதுவாகச் சொன்னது கேட்டது.

"பேசாதடா," என்றார் அவர். அவரும் மெதுவாகத்தான் சொன்னார்.

பச்சைப் பலகை திரும்பியது. தட். ஊர்வலம் நகர்ந்தது.

நாலந்தாவில் இரண்டாவது நடை, 8.35. நாவுலையைத் தாண்டியதும் பாதையோரத்தில் தெம்பிலிக் கடை. செவ்விளநீர்க் குலைகளைத் தள்ளுவண்டியில் தொங்கவிட்டு ஒரு சிங்களப் பெரியவர் நின்றார். 9.05. லேசான இறக்கம். தள்ளுவண்டிக்கு நாலு முழம் இருக்கும்போது என் வீட்டுக்காரர் காரை நிறுத்தினார். எஞ்சின் அணைந்தது.

இனி நடந்ததை மெதுவாகச் சொல்கிறேன், ஏனென்றால் த்ரீவீலர் ஓட்டிப் பழகியவர்கள் எல்லாரும் இந்தத் தப்பைச் செய்வார்கள். த்ரீவீலரை எஞ்சின் அணைத்துக் கியரில் விட்டால் அது அசையாது. எஞ்சினே அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பழக்கத்தில், சத்தம் நின்றுவிட்டது, D-இல் கிடக்கிறது, அதாவது கியரில்தான் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் நினைத்துவிட்டார். பெல்டைக் கழற்றிக் கதவைத் திறந்து, ஒரு காலைத் தரையில் வைத்தார். மற்றக் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார்.

கார் தானாக எழும்பியது. தானாக நகர்ந்தது.

பீப் பீப் என்று அலறுகிறது. ஜப்பான் அம்மா உள்ளே ஏதோ சொல்கிறார். இவர் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, கதவைப் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டு வருகிறார். "ஐயே, கார் எக யனவா! யனவா!" என்று பெரியவர் கத்தியைத் தூக்கிக்கொண்டு கத்துகிறார். கார் போகுது என்பதை எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. கணேசு பின்னால் "கட்ட! கட்ட!" என்று உரப்பையைத் துழாவுகிறான். கட்டை அங்கே எங்கே இருக்கிறது?

நான் திரும்பினேன். ஏழு மாதமாகத் திரும்பாத பக்கம் திரும்பினேன். "எது செஞ்சாலும் இடுப்ப முறுக்காதீங்க" என்று டாக்டர் சொன்ன அதே முறுக்கு முறுக்கி, இரண்டு கையாலும் நடுவில் இருந்த ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து மேலே இழுத்தேன். கார் ஒரு குலுக்கலோடு நின்றது. கண்ணாடிக்கு முன்னால் தெம்பிலிக் குலை ஒன்று மெதுவாக ஆடியது. ஒரு சாண் இருக்கும்.

அவர் ஓடி வந்து P-க்கு மாற்றி, சாவியைத் திருப்பி அணைத்தார்.

"பாக்கியம்," என்றார். என் பெயர் அதுதான், ஆனால் அவர் கூப்பிடுவது வருடத்துக்கு ஒரு தடவை. "முதுகு?"

"பேசாம இருங்க. எண்ணிக்கிட்டு இருக்கேன்."

என் வலி உடனே வராது. பத்து எண்ணும் வரைக்கும் ஒளிந்திருந்துவிட்டுத்தான் வரும். ஏழு மாதத்தில் அதன் குணம் எனக்குத் தெரியும். பத்து எண்ணினேன். அந்தப் பத்துக்குள் பங்குனி போயிற்று, பிள்ளை போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். இருபது எண்ணினேன். ஒரு சின்ன இழுப்பு வந்தது, வந்து எட்டிப் பார்த்தது, போய்விட்டது. முப்பது எண்ணினேன். பெரியவரும் கத்தியைக் கீழே போடாமல் நின்றார், அவரும் என்னோடு எண்ணுவது போல.

"தெம்பிலி வாங்குனீங்களா இல்லையா?" என்றேன்.

என் வீட்டுக்காரர் கீழே உட்கார்ந்துவிட்டார், அப்படியே பாதையோரப் புல்லில்.

கணேசு கிட்டே வந்து, "கட்ட இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தான். ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். கட்டை என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பிடுங்கி வைத்தது நான். நான் முறுக்கினபோது இடுப்பு அந்தக் கட்டையைத்தான் பிடித்துக்கொண்டு நின்றது. தலையணையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவனுக்கு நான் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வரவில்லை. தெம்பிலி ஒன்று இருநூறு ரூபாய். நாலு வாங்கினோம், பெரியவருக்கும் ஒன்று. தன் கடைத் தெம்பிலியைத் தானே காசு வாங்கிக்கொண்டு குடித்த முதல் வியாபாரி அவர்தான்.

அங்கிருந்து தம்புள்ளை 9.45, அங்கே மூன்றாவது நடை. இனாமலுவைச் சந்தியில் திரும்பி, சீகிரியா 10.40. திறந்த பாதையில் இந்தத் தானாக அணையும் ஏற்பாட்டுக்கு வேலையே இல்லை. நிற்க இடமில்லையே. குளக்கரையில் திரும்பும்போது சீகிரியாப் பாறை தெரிந்தது, மேலே பாதி பனியில் மறைந்து, யாரோ எழும்ப யோசித்துக்கொண்டு படுத்திருப்பது மாதிரி. என்னையே பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

மகள் வீட்டு வாசலில் அவர் சத்தமாகவே சொல்லிச் சொல்லிச் செய்தார்: "பிரேக். P. ஹேண்ட்பிரேக். சாவி." P போட்டதும் எஞ்சின் ஒரு தடவை எழும்பியது, சாவியைத் திருப்பியதும்தான் உண்மையாகவே அடங்கியது. அதற்குப் பிறகுதான் காலை எடுத்தார். சுகன்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"கார் வந்த சத்தமே கேக்கலயேம்மா!"

"உங்கப்பா வர்ற சத்தம் நாவுலைக்கே கேட்டுச்சு. ஒனக்குக் கேக்கலயா?"

எனக்காக ஒரு கட்டில் போட்டு வைத்திருந்தாள். கெட்டி மெத்தை, வாங்கி மூன்று மாதமாம். போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் படுத்துக்கொண்டேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளேயிருந்து ஒரு சின்னத் தட். காரின் தட் மாதிரியேதான், ஆனால் இது வலிக்கிற இடத்தில் விழவில்லை.

"வருவீங்கதானேம்மா?"

"பா..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது. பிடித்து நிறுத்தினேன். "நாளைக்குக் காலைல சொல்றேன்."

2.15க்குத் திரும்பினோம். அதே பாதையில் வராமல் தம்புள்ளையிலிருந்து கலேவெல, பல்லேபொல வழியாக வந்தோம். பதின்மூன்று கிலோமீட்டர் கூட, ஆனால் நெரிசல் இல்லை. பல்லேபொலப் பக்கம் வயல் அறுக்கிற நேரம். அறுப்பு மெசின் ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நிற்க, நாங்களும் நின்றோம். அணைந்தது. வைக்கோல் தூசி பொன்னாக மிதந்து வந்து காருக்குள் இறங்கியது. என் மடியிலும் அவர் கையிலும் படிந்தது. யாரும் தட்டவில்லை. கணேசுவும் இறங்கவில்லை. அங்கே கண் மூடினவள் உக்குவளையில்தான் திறந்தேன். மணி 5.55.

இனி போகிறவர்களுக்கு. போக 71, வர 84, ஆக 155 கிலோமீட்டர். பெட்ரோல் எட்டு லீட்டர் பிடித்தது. தானாக அணைந்ததில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால், டவுனுக்குள் கொஞ்சம், வெளியில் ஒன்றுமில்லை என்பதுதான் என் வீட்டுக்காரரின் தீர்ப்பு. இந்தக் கார்களுக்குத் தனி பெட்டரி வேண்டும், அது சாதாரண பெட்டரியை விட நல்ல விலை என்று பாரூக் நானா சொன்னார். கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடுகிறவர்கள் அந்த மிச்சத்தைப் பெட்டரிக்கே திருப்பிக் கொடுப்பார்கள். பெட்டரி களைத்துப்போனால் இந்த வேலையைக் கார் தானாகவே நிறுத்திக்கொள்ளுமாம். சின்னச் சின்ன நெரிசலில் பொத்தானை அமுக்கி வைத்துவிடுங்கள். சாவி போட்டு எடுக்கும் ஒவ்வொரு தடவையும் திரும்ப அமுக்க வேண்டும், அது நேற்றைய பேச்சை ஞாபகம் வைத்திருக்காது. வலதுபக்கம் திரும்பக் காத்திருக்கும்போதும் அமுக்குங்கள், எழும்ப எடுக்கிற அரை நொடி எதிரில் பஸ் வரும்போது அரை நாள் மாதிரி இருக்கும். ரயில் கடவையில், பாதை வேலையில், நீளமாக நிற்கிற எந்த இடத்திலும் அதை விட்டுவிடுங்கள், ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சும்மா இருங்கள். நானா சொன்னது சரிதான். சும்மா இருப்பதற்கு அந்தக் கார் நல்ல கார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சத்தம் இல்லையென்றால் எஞ்சின் அணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அது காத்துக்கொண்டிருக்கிறது. P போடாமல், ஹேண்ட்பிரேக் இழுக்காமல், சாவியைத் திருப்பாமல் இறங்காதீர்கள். த்ரீவீலர்காரர்கள் இதை இரண்டு தடவை வாசியுங்கள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு விழித்தேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். அவர் முழித்திருந்தார், தூங்குகிற மாதிரி நடித்தார். அவர் நடிப்பு எனக்குத் தெரியும், குறட்டை இருக்காது. ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, காலைத் தரையில் வைத்தேன். எண்ணினேன். பத்து வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து நின்றேன். நிற்கும்போது எப்போதும் இருக்கிற வலி இருந்தது, புதிதாக ஒன்றும் சேர்ந்து வரவில்லை. குசினிக்கு நடந்து போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தேன். பின்னாலிருந்து குறட்டை கேட்டது. இந்தத் தடவை உண்மையானது.

ஆறரைக்குக் கணேசு வந்தான். வாசலில் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் நிற்கிறதைப் பார்த்துக்கொண்டே, பார்க்காதது மாதிரிக் கேட்டான்.

"அக்கா, கட்டய மறந்துட்டுப் போயிட்டேன். குடு."

"தரமாட்டேன்."

"ஏன்க்கா?"

"பங்குனி முடிஞ்சு வந்து வாங்கிக்க."